பத்து மணி அட்டை

சட்டை தைக்கிற ஆலையின் மூன்றாவது லைனில் அவளுக்குக் கடிகாரக்கா என்று பெயர். கையில் கட்டியிருப்பதைப் பார்க்காமலேயே மணி சொல்லிவிடுவாள் என்பதற்காக வைத்தது. பாசத்தில் வைத்தார்களா, வயிற்றெரிச்சலில் வைத்தார்களா என்று அவள் விசாரித்ததில்லை. நாற்பது தையல் மெஷின்களை மேய்க்கிற சூப்பர்வைசருக்கு இதைவிட மோசமான பெயரெல்லாம் கிடைத்திருக்கும். பக்கத்து லைன்காரிக்குக் கொள்ளிக்கண் என்று பெயர். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

மணியெல்லாம் துல்லியமாகச் சொன்ன உடம்புக்கு ஒரு விஷயத்தில் மட்டும் நேரம் காலம் தெரியாமல் போயிற்று. வெளிக்கு எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் ஆகும், மூன்று நாள் ஆகும், ஒரு தடவை ஐந்து நாள் ஆயிற்று. சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கும், சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். மதியம் இரண்டு மணிக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். லைனின் கடைசியில் இருக்கிற தூணில் சாய்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கப் பழகியிருந்தாள். அசதி என்பது அவளுக்கு ஒரு நோயாகவே தோன்றவில்லை. வேலை என்று ஒன்று இருந்தால் அது கூடவே வரும் என்று நினைத்திருந்தாள்.

மலத்தோடு ரத்தம் போகத் தொடங்கிய பிறகுதான் பயந்துபோய் மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் வயதானவர். பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்குப் போகணும்னு எப்போ தோணும்?"

"தோணுறதா?"

"ஆமாம்மா. காலையிலயா, சாப்பிட்டப்புறமா, எப்போ?"

கடிகாரக்கா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பசி தெரியும், தாகம் தெரியும், இடுப்பு வலி நன்றாகத் தெரியும். இது மட்டும் தெரியவில்லை. லீவு நாளில், வேறு வேலை இல்லாதபோது, போய்த்தான் பார்ப்போமே என்று போய் உட்காருவாள். அவ்வளவுதான். தோன்றி எழுந்து போய்ப் பல வருஷம் ஆயிற்று.

"தோணுறதே இல்ல சார்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். பதினேழு வருஷம் மெஷினில், இரண்டு வருஷம் சூப்பர்வைசராக. அட்டையைப் பற்றியும் சொன்னாள். ஒரு லைனுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் அட்டை. ஆணியில் மாட்டியிருக்கும். சூப்பர்வைசரானாலும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஆணியில் அட்டை இல்லை என்றால் யாரோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம், திரும்பி வரும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ஆறு நிமிஷம் என்று கணக்கு. கீழ்த்தளத்தில் நானூறு பெண்களுக்கு ஆறு கதவுகள் இருப்பதால் அந்த ஆறு நிமிஷம் எப்போதுமே பத்து நிமிஷம்.

"உடம்பு வந்து கதவைத் தட்டும்மா. திறக்கலன்னா திரும்பிப் போயிடும். பத்தொன்பது வருஷமா திருப்பி அனுப்பியிருக்கீங்க. அதுக்கும் ரோஷம் இருக்காதா?" என்றார் டாக்டர். "இப்போ மூலம். மூணு மாசம் பார்ப்போம். தண்ணி குடிங்க, காய், கீரை, பழம் சாப்பிடுங்க, நடங்க. முக்கியமா, தோணினா உடனே போயிடணும். அப்படியும் சரியாகலன்னா அறுவை சிகிச்சைதான். அதுக்கப்புறமும் இதே மாதிரி இருந்தீங்கன்னா மறுபடி வரும்."

அறுவை சிகிச்சை என்றதும் அவள் லைனைத்தான் நினைத்தாள். கத்திக்கு அவ்வளவாகப் பயமில்லை. ஒரு மாதம் படுத்துவிட்டால் லைனில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள், திரும்பி வரும்போது பழையபடி மெஷின்தான். அந்த நாற்காலியில் இன்னொரு பதினேழு வருஷம் உட்கார அவளிடம் உடம்பு மிச்சம் இல்லை.

வீட்டில் மகள் கைப்பேசியைத் துழாவி, கோதுமைத் தவிட்டில் நார்ச்சத்து ஜாஸ்தி என்று கண்டுபிடித்தாள். காலையும் மாலையும் இரண்டு கரண்டித் தவிடு. சரக்கு வண்டி ஓட்டுகிற வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போடறதை எல்லாம் நீ காலி பண்ணிட்டா மாடு எங்கே போகும்?" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. ஆனாலும் மறுநாள் வண்டியில் வரும்போது அவரே ஒரு மூட்டை வாங்கி வந்து இறக்கினார்.

ஒரு வாரத்தில் வயிறு பாறை மாதிரி ஆகிவிட்டது. தவிட்டைத் தின்றாளே தவிரத் தண்ணீரைக் கூட்டவில்லை. காலையில் அரை டம்ளர், மதியம் சாப்பாட்டோடு அரை டம்ளர் என்பது அவளுடைய பல வருஷக் கணக்கு. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், ஒன்றுக்கு வந்தால் அட்டை வேண்டும். லைனில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். மருத்துவரின் பட்டியலில் இல்லாத தவிட்டைத் தின்றுவிட்டு, அதில் முதலாவதாக இருந்த தண்ணீரை விட்டுவிட்டாள், அதுவும் தெரியாமலேயே.

அந்தச் சமயத்தில்தான் ஆலைக்குத் தண்ணி டீச்சர் வந்தாள். சட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள், தொழிலாளர் உடல்நலம் என்று ஏதோ திட்டம் கேட்டிருந்தார்களாம். அதற்காக அனுப்பப்பட்ட உணவு ஆலோசகர். சின்ன வயசு, நல்ல பெண், சிரித்த முகம். ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் கொடுத்தாள். பாட்டிலில் எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று கோடு போட்டிருந்தது. அந்தந்த நேரத்துக்குள் தண்ணீர் அந்தந்தக் கோட்டுக்கு இறங்கிவிட வேண்டும். ஒரு சின்ன நோட்டும் கொடுத்தாள். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு குடித்தோம், வெளிக்குப் போனதா, மதியம் அசதி இருந்ததா என்று தினமும் குறிக்க வேண்டும். வாயை மூடி மெதுவாக மென்று சாப்பிடச் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையே இருபது நிமிஷம், அதில் எட்டு நிமிஷம் வரிசையிலேயே போய்விடும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னபோது மட்டும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் நாற்பது பேரும் கோடு பார்த்துக் குடித்தார்கள். பத்தே முக்காலுக்கெல்லாம் லைன் குட்டிச்சுவராகிவிட்டது. அட்டைக்காக ஆணியையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி திரும்பி வரும்போதே அடுத்தவள் அவள் கழுத்திலிருந்து அட்டையை உருவினாள். பித்தான் தைக்கிற பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு இருநூறு சட்டை குறைந்தது.

மேனேஜர் கடிகாரக்காவைக் கூப்பிட்டுக் கத்தவெல்லாம் இல்லை. அவர் கத்துகிற ரகம் இல்லை. "திட்டம் நல்ல திட்டம்தான். நடக்கட்டும். தண்ணியை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க. நோட்டு ஒழுங்கா இருக்கணும்," என்றார்.

அதற்கப்புறம் திட்டம் நன்றாக நடந்தது. பாட்டில் தண்ணீரை அயர்ன் பண்ணுகிற பகுதிக்குக் கொண்டுபோய் நீராவிப் பெட்டித் தொட்டியில் ஊற்றினார்கள். அயர்ன்காரர்களுக்குக் குழாயடிக்கு நடக்கிற வேலை மிச்சம். கோடு கோடாகத் தண்ணீர் இறங்கிற்று. நாற்பது நோட்டுகளையும் கடிகாரக்காவே சனிக்கிழமை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். மூன்றாவது லைனில் எல்லாருக்கும் தினமும் ஒழுங்காக வெளிக்குப் போயிற்று. ஒருவருக்கும் அசதி இல்லை.

அவள் மட்டும் உண்மையிலேயே குடித்தாள். பயம்தான் காரணம். எழுந்தவுடன் இரண்டு டம்ளர் வெந்நீர். ராத்திரிச் சாப்பாட்டில் பாதி காய். மதியம் ஒரு பழம். கம்பெனி வேனில் வீடு வரை வராமல் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். நடக்கிற அந்த இருபது நிமிஷம் கால் கெஞ்சும், யாருக்காக இதெல்லாம் என்று அலுப்பாக இருக்கும், ஆனாலும் நடந்தாள். மகள் காய் நறுக்கிக் கொடுத்தாள். வீட்டுக்காரர் இரண்டு நாள் பச்சைக் காய்கறியைத் தின்றுவிட்டு, மூன்றாம் நாள், "எனக்கு வயிறு நல்லா இருக்கு, என்னை விட்டுடு," என்று கையெடுத்துக் கும்பிட்டார். மதியத் தூக்கம் கொஞ்சம் விலகியது. தூணுக்குப் போகாமல் ஒரு முழு நாள் நின்றுவிட்டதை அவள் மறுநாள்தான் கவனித்தாள். ஆனால் தோன்ற வேண்டியது தோன்றவில்லை.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் காலர் தைக்கிறவள் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். லைனிலேயே கெட்டிக்காரி அவள்தான், காலர்க்காரி என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். காலர் மெஷின் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற பதினாறு மெஷினும் நிற்கும். அதனால் அவள் எழுந்தால் அந்த இடத்தில் சூப்பர்வைசர் உட்கார வேண்டும் என்பது சட்டம். கடிகாரக்கா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மணி பத்து பன்னிரண்டு. மூன்றாவது காலரைத் திருப்பும்போது அடிவயிற்றில் ஏதோ நகர்ந்தது.

முதலில் அவளுக்கு என்னவென்றே புரியவில்லை. புரிந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. அது தட்டியது. இத்தனை வருஷத்துக்கப்புறம், பயந்து பயந்து தட்டியது. அவள் கதவைப் பார்த்தாள். அட்டை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு காலர், ஐந்து காலர் தைத்தாள். காலர்க்காரி திரும்பி வந்தபோது எல்லாம் அடங்கிவிட்டது. ஓடிப்போய் உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை.

திரும்பி வந்து அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "பதினோரு நிமிஷம். என்ன, குளிச்சிட்டு வந்தியா?"

"கீழே கூட்டம்க்கா," என்றாள் காலர்க்காரி. குனிந்து நூல் கோத்தாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. ஒன்பதரைக்கு எல்லாருக்கும் டீயும் பன்னும் கொடுப்பார்கள். சாப்பாடு உள்ளே போனதும் குடல் அசையும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து பத்து அடிக்கும்போதே அட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சூப்பர்வைசர் மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எந்த நிமிஷம் தட்டும் என்று சொல்ல முடியாதே. பத்தரைக்குத் திருப்பி மாட்டினாள். பத்தரைக்கு மேனேஜர் எண்ணிக்கை எடுக்க வருவார், அப்போது யாரும் எழ முடியாது. அவர் போகப் பதினொன்றாகும். ஒரு மணி நேரம் அட்டை இல்லை என்பதை நாற்பது பேரும் இரண்டு நாளில் புரிந்துகொண்டார்கள். கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்றும் அவள் யோசித்து வைத்திருந்தாள். பதினேழு வருஷம் நான் கேட்டேனா என்று சொல்வதாக இருந்தாள்.

இரண்டு மாதத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். ரத்தம் நின்றது. முகம் தெளிந்தது. மாலையில் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் உட்கார்ந்து மகளோடு பேசுகிற அளவுக்குத் தெம்பு மிஞ்சியது. "எங்க அம்மாவை யாரோ மாத்திட்டாங்க," என்று மகள் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் லைனில், பத்து மணி தாண்டினால், காலர்க்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தைப்பதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தண்ணி டீச்சர் கடைசி வகுப்பில் அவளை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள். "நோட்டைப் பாருங்க, முகத்தைப் பாருங்க. அக்கா, நீங்களே சொல்லுங்க. எப்படிச் சரியாச்சு?"

நாற்பது பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

"தண்ணி," என்றாள் கடிகாரக்கா. "அப்புறம் கீரை. நடக்கறது."

டீச்சர் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள், அவரவர் மடியில் கை வைத்துக்கொண்டே.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். பழக்க தோஷம், ஒன்பதரைக்கு அங்கே இருந்த கடையிலும் டீயும் பன்னும் சாப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "நல்லா ஆறியிருக்கு. அறுவை சிகிச்சையெல்லாம் வேண்டாம். இப்போ தோணுதா?"

"தினமும் சார். பத்து மணி வாக்கில."

"அந்த நேரத்தை மட்டும் விட்டுடாதீங்க. என்னைக்கோ ஒரு நாள் தவறினா பரவால்ல. தினமும் தவறவிட்டா மறுபடியும் பழைய கதைதான். இப்பதான் சமாதானமாகி வந்திருக்கு, இன்னொரு தடவை கோவிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல."

சிரித்தபடி வெளியே வந்தாள். நடைக்கூடத்துப் பெஞ்சில் கையில் சீட்டை வைத்துக்கொண்டு காலர்க்காரி உட்கார்ந்திருந்தாள்.

இருவருக்குமே தூக்கிவாரிப் போட்டது. காலர்க்காரி எழுந்திருக்கப் போனாள். "நானும் அரை நாள் லீவு சொல்லிட்டுதான்க்கா வந்தேன்."

"உக்காரு, உக்காரு. என்ன உடம்புக்கு?"

"வயிறுதான்க்கா. ஒரு ரெண்டு மாசமா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரத்தம் போகுது. சாப்பாடும் இறங்க மாட்டேங்குது. மதியம் ஆனா மெஷின்லயே தலை சாயுது."

கடிகாரக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டர் ஒரு கேள்வி கேப்பார். எப்போ தோணும்னு. யோசிச்சு வச்சுக்க."

"அதுல என்னக்கா யோசிக்க இருக்கு? பத்து மணிக்குத்தான். சின்ன வயசுலேர்ந்தே எனக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல டான்னு வந்துடும். இங்க சேர்ந்தப்புறம் பன் தின்னா பத்து மணிக்கு." அவள் குற்றம் சொல்லுகிற மாதிரிச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "அப்போ அட்டை இருக்காதே. பதினொரு மணிக்கு மேல போனா சும்மா உக்காந்துட்டு வர்றதுதான். இப்ப ஒரு வாரமா பத்து மணிக்கும் வர்றதில்லக்கா. அதான் பயந்துட்டேன்."

கடிகாரக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினேழு வருஷம் நான் கேட்டேனா என்கிற பதில் இங்கே எடுபடாது. அந்தப் பெண் கேட்கவே இல்லையே. அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அதோடு, ஆறிப்போன உடம்பை நினைத்து ஆசையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இருவருக்கும் தட்டுவது ஒரே நேரம், காத்திருந்தால் அது அடங்கிவிடும். அந்த அரை மணியில் இரண்டு பேருக்கு இடமில்லை. இதை எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் விடை ஒன்றுதான்.

"நாளையிலேர்ந்து பத்து மணிக்கு நீ எடுத்துக்க," என்றாள். "மெஷின்ல நான் உக்காந்துக்கறேன். அவசரப்படாத. பத்து நிமிஷமானாலும் இருந்துட்டு வா."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்குத்தான் சரியாயிடுச்சே. இப்பதான் டாக்டர் சொன்னார். இனிமே எந்த நேரமா இருந்தாலும் பரவால்லையாம்."

காலர்க்காரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். நம்பினாள். நம்ப வேண்டிய நிலைமையில் இருந்தாள். "நல்லதாப் போச்சுக்கா," என்றாள். அதற்குள் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். சீட்டைத் தடவி நேராக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கடிகாரக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் அது தட்டியது. இப்போதெல்லாம் அதற்குப் பயமில்லை, உரிமையாகவே தட்டுகிறது. அவள் எழுந்து நடைக்கூடத்தின் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போனாள். யாரும் எதையும் கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள். வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வர மனசில்லாமல், யாராவது வந்து கதவைத் தட்டும்வரை அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.